பள்ளம் யாருடையது? கடலூரில் மனுவோடு அலைபவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளம் இருந்தது. மழை பெய்தால் வாத்து மேய விடலாம், அவ்வளவு பெரிது. அக்கம்பக்கத்தில் பதினெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கி, ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: மேற்படி சாலை இவ்வலுவலகப் பராமரிப்பில் இல்லை. போய்ப் பார்த்தால் உண்மைதான். பள்ளம் எங்கள் தெருவில் இல்லை, தெரு போய்ச் சேரும் பெரிய சாலையின் ஓரத்தில் மூன்றடி தள்ளி இருந்தது. அந்த மூன்றடிக்கு ஆறு வாரம் போயிற்று.

கடலூர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் சற்று அதிகம். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி அதற்கு ஒரு காரணம். அங்கே பொதுப்பணித்துறைதான் சாலை போடுகிறது, நகரத்துக்குக் குடிநீர் தருவதும் அதே துறைதான். இங்கும் அங்கும் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் ஏராளம். "பொதுப்பணித்துறையில் சொல்லுங்கள் மாமா, உடனே வருவார்கள்" என்று புதுச்சேரி மருமகன் சொல்வார். மாமாவும் அதை நம்பிப் புறப்பட்டுவிடுவார். தமிழ்நாட்டில் பொதுப்பணித்துறையின் வேலை பெரும்பாலும் அரசுக் கட்டடங்களோடு நின்றுவிடும். பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத்துறையிடம் இருக்கின்றன. ஆறும் ஏரியும் 2021 முதல் நீர்வளத்துறை என்ற தனித் துறையின் பொறுப்பு. தெரு, தெருவிளக்கு, கால்வாய், குடிநீர் எல்லாம் மாநகராட்சியுடையவை. 1866-இல் நகராட்சியாகத் தொடங்கிய கடலூர், 2021-இல்தான் மாநகராட்சி ஆனது. எல்லையைத் தாண்டி வீடு கட்டியவர்கள் இன்னமும் ஊராட்சிக்காரர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால், நீங்கள் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

சாலைக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, அதற்கு 1033 என்ற தொலைபேசி உதவி எண் இருக்கிறது. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலைத்துறையின் சாலைப் பள்ளங்களைப் படம் எடுத்து அனுப்பத்தான் 2023-இல் 'நம்ம சாலை' என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள். சந்துத் தெருவின் படத்தை அதில் ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த தவறு, இடம் சொல்லாமல் எழுதுவது. "எங்கள் பகுதியில் விளக்கு எரியவில்லை" என்று வரும் மனுவை வைத்துக்கொண்டு லைன்மேன் எங்கே போவார்? கம்பத்தில் பெயின்டில் ஓர் எண் எழுதியிருக்கும். அதைக் குறித்து, எதிர்வீட்டுக் கதவு எண்ணையும் வார்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கடலூரில் 45 வார்டுகள் இருக்கின்றன. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் உங்கள் தெருவின் பெயரிலேயே முதுநகரிலும் ஒரு தெரு இருக்கக்கூடும்.

இனி, கேட்கக் கூடாததைக் கேட்கும் தவறு. "புதுச் சாலை போடுங்கள்" என்று மட்டும் கேட்பவர்கள், மூன்றாவது முறை சாலை போட்ட பிறகு தங்கள் வீட்டுக்குள் படியேறிப் போவதற்குப் பதிலாகப் படியிறங்கிப் போகிறார்கள். பழைய தார் மேலேயே புதுத் தாரை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் உயரும். உயரும் அங்குலம் எல்லாம் மழைத் தண்ணீரை வாசலுக்குள் தள்ளும். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதத்திலேயே தலைமைச் செயலர் அறிவுறுத்தியிருக்கிறார். தார் வண்டி வந்து நின்ற பிறகு அதைச் சொல்லிப் பயனில்லை. மனுவிலேயே "பழைய பரப்பைச் சுரண்டிவிட்டு, தற்போதைய மட்டத்திலேயே" என்று எழுதிவிடுங்கள்.

நாமே செய்துவிட்டு மாநகராட்சியைத் திட்டும் தவறுகள் வேறு இருக்கின்றன. அவற்றில் முதலிடம் மாடித் தண்ணீருக்கு. பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த வீடுகளில் சிலர், மொட்டைமாடி மழைநீர்க் குழாயையும் சத்தமில்லாமல் அதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் குழாய் குளியலறை, கழிப்பறைத் தண்ணீரைக் கணக்கிட்டுப் போட்டது. நூறு வீட்டு மாடித் தண்ணீர் ஒரே மழையில் இறங்கினால் அது எங்கே போகும்? தாழ்வான தெருவில் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். பிறகு ஒருவர் கடப்பாரையோடு வந்து, தெருவில் நிற்கும் தண்ணீரும் வடியட்டும் என்று மூடியைத் திறந்து வைப்பார். முழங்கால் தண்ணீரில் திறந்த குழி கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் இதைவிட ஆபத்தான வேலை ஒன்றை ஒருவர் தெருவில் செய்துவிட முடியாது.

கால்வாய் மேல் கார் ஏற்றுவதற்குச் சரிவு கட்டுவதும் இதே வகைதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் பதினைந்தடி நீளத்துக்கு ஒரே கான்கிரீட் பலகையாகப் போட்டுவிட்டார். தூர் வார வந்தவர்கள் இந்தப் பக்கம் வரைக்கும் வாரினார்கள், அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி வாரினார்கள். நடுவில் இருந்த பதினைந்தடி அப்படியே அடைத்துக் கிடந்தது. சரிவு தேவை என்றால், தூக்கி எடுக்கக்கூடிய சிறு பலகைகளாகப் போடலாம்.

குடிநீர்க் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுபவர்களுக்கு ஒன்றே ஒன்று. குழாயில் எங்கோ விரிசல் இருந்தால், மோட்டார் இழுக்கும் இழுப்பில் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து வரும். அதை முதலில் குடிப்பதும் பெரும்பாலும் மோட்டார் வைத்த வீடுதான்.

மனு கொடுத்தவர்கள் ரசீது வாங்காமல் வருவதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், வாங்குங்கள். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடப்பது. முதலமைச்சர் உதவி மைய எண்ணான 1100-இல் பதிவு செய்த புகாருக்கு "தீர்வு காணப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும். வெளியே வந்து பார்த்தால் பள்ளம் அங்கேயே இருக்கும். பலர் இந்த இடத்தில் சலித்து விட்டுவிடுகிறார்கள். பழைய புகார் எண்ணையும் அன்று எடுத்த படத்தையும் சேர்த்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால், அது புது மனு அல்ல, முடிந்ததாகக் காட்டப்பட்ட மனு. அதற்குப் பதில் சொல்லும் கட்டாயம் வேறு மாதிரி.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் "ஏன் சாலை மோசமாக இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கத்தைத் தராது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மதிப்பீட்டின் நகலையும், முடித்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும், ஒப்பந்ததாரர் எந்தத் தேதி வரை பழுதுக்குப் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அளவுப் புத்தகத்தில் எழுதிய தடிமனுக்கு எதிரே ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்க எந்தப் பொறியாளரும் தேவையில்லை.

செய்திகளில் ஏமாறுவது பெரும்பாலும் தேதியில்தான். "நாளை மின்தடை" என்று வாட்ஸ்அப்பில் வருவது எந்த ஆண்டின் நாளை என்று யாருக்கும் தெரியாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, கேட்டால் சொல்வார்கள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை கடலூர்க் கரைகளில் ஏறியது. அந்த மாதிரி இரவில் பழைய படம் ஒன்று போதும், ஒரு தெருவையே வீட்டைவிட்டு ஓட வைக்கும், அல்லது ஓட வேண்டியவர்களை வீட்டிலேயே இருக்க வைக்கும். அப்போது அழைக்க வேண்டியது மாவட்டப் பேரிடர் எண்ணான 1077.

எங்கள் பள்ளம் பிறகு சரியாயிற்று. உரிய அலுவலகத்தில் கொடுத்த ஒன்பதாவது நாள் ஜல்லி கொட்டி மூடினார்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். இந்த முறை நான் கையெழுத்து வாங்கக் கிளம்பவில்லை. முதலில் போய், தோண்டியது எந்தத் துறை என்று கேட்டேன்.