அடிப்பிடித்துவிட்டதா? கிளறாதீர்கள்!

கல்யாணமான புதிதில் அடுப்படியில் அடிக்கடி நடப்பது அடிப்பிடிப்பதுதான். தீய்ந்த வாடை வந்ததும் பதறிப்போய்க் கரண்டியால் சுரண்டிக் கிளறிவிடுவார்கள். அங்கேதான் எல்லாம் கெடுகிறது; அடியில் கிடந்த கசப்பு முழுவதும் மேலே ஏறிவிடும். உடனே அடுப்பை அணைத்து, அடியைத் தொடாமல், மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் தப்பித்துவிடும்.

கருகிய எவர்சில்வர் பாத்திரத்தில் கறை மூழ்கத் தண்ணீர் விட்டு, 2 டீஸ்பூன் சமையல் சோடா போட்டு 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் மரக்கரண்டியால் தள்ளினால் பொருக்காக உரிந்து வரும். அலுமினியத்துக்குச் சோடா வேண்டவே வேண்டாம், கறுத்துப்போகும். சோப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும்.

பால், பருப்பு, மாவு சேர்ந்தவை அடியில் படியும். இவற்றுக்கு அடிகனமான பாத்திரமும் சிறு தீயும்தான் சரி.