இதய நோயாளிக்குத் தசைத் தூண்டல் கருவி: வீட்டில் நடக்கும் தவறுகள்

மலேசியாவில் நீங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தாலும் பட்டர்வொர்த்தில் இருந்தாலும், தசைக்கு மின்துடிப்பு கொடுக்கும் சிறிய கருவியை இணையத்தில் எளிதாக வாங்கிவிடலாம். நாலு படி ஏறினாலே அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று பிள்ளைகள் வாங்கித் தருகிறார்கள். பாசம்தான். ஆனால் இதயச் செயலிழப்பு (இதயம் போதுமான இரத்தத்தை இறைக்க முடியாத நிலை) உள்ளவருக்கு மருத்துவரைக் கேட்காமல் அதைப் பொருத்தவே கூடாது.

முக்கியக் காரணம், சிலருக்கு உடலுக்குள் பொருத்தியிருக்கும் பேஸ்மேக்கரும் (இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் கருவி) ஐசிடியும் (ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சியால் சரிசெய்யும் கருவி). வெளியிலிருந்து வரும் மின்துடிப்பை இதயத்தின் சொந்தத் துடிப்பென்று எடுத்துக்கொண்டு பேஸ்மேக்கர் தன் வேலையை நிறுத்திவிடலாம். ஐசிடியோ அதை ஆபத்தான துடிப்பென்று கணித்துத் தேவையில்லாத அதிர்ச்சி கொடுத்துவிடலாம். ‘காலில்தானே ஒட்டுகிறோம்’ என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியாது. ஐஜேஎன் (தேசிய இதயக் கழகம்) ஆகட்டும், பினாங்கு பொது மருத்துவமனை ஆகட்டும், நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்தில் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். கண்காணிப்போடு சிலருக்கு அனுமதி கிடைக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அங்குள்ள மருத்துவர்கள்.

நெஞ்சில் ஒட்டினால் இதயம் வலுப்பெறும் என்று நினைப்பது அடுத்த தவறு. நெஞ்சில் ஒட்டவே கூடாது. நோய் நாட்பட்டால் கால் தசைகள் மெலிந்து சீக்கிரம் களைத்துவிடுகின்றன; இச்சிகிச்சை அந்தத் தசைகளுக்கானது. அதனால்தான் தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒட்டுகிறார்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் தினமும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை, பல வாரங்கள் கொடுத்திருக்கிறார்கள். 6 நிமிடத்தில் நடக்கும் தூரமும் தொடை வலுவும் கூடின. இரண்டு மூன்று நாளில் ‘பலனில்லை’ என்று மூலையில் போடுவதில் அர்த்தமில்லை. நடக்க முடிந்தவர் நடையை விட்டுவிட்டு இதை மட்டும் நம்புவதும் தவறுதான்.

வலி போக்கும் டென்ஸ் கருவி இதற்கு உதவாது. அது தரும் வெறும் கூச்ச உணர்வு போதாது. தசை இறுகித் தளர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்காக வலிக்கும் அளவுக்குக் கூட்டக்கூடாது. நம்மவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். கால் மரத்துப்போனவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. பட்டையை எடுத்ததும் தோலைப் பாருங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். கருவியைத் தொடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். இரண்டு காலும் வீங்கி, 3 நாளில் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் உடலில் நீர் சேர்கிறது என்று பொருள். உடனே கிளினிக்கை அழையுங்கள். படுக்க முடியாமல் மூச்சுத் திணறினால் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.