வீட்லயே போன்ல, கேமரா பாத்து பேசற வீடியோ எடுக்க நான் பட்ட பாடு

முதல் வீடியோவ பாத்தப்போ எனக்கே சிரிப்பு வந்துருச்சு, மூஞ்சி இருட்டா நிழல் மாதிரி, பின்னாடி ஜன்னல் மட்டும் பளீர்னு. ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்ததுதான் தப்பு. திரும்பி ஜன்னல பாத்து உக்காந்தேன், பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுது. ஆனா வெளிச்சம் மட்டும் நடுநடுவுல ஏறி இறங்கிட்டே இருந்துச்சு, நிறைய போன்ல ஸ்க்ரீன்ல மூஞ்சி மேல விரல வச்சு கொஞ்ச நேரம் அழுத்துனா ஃபோகஸ், எக்ஸ்போஷர் (அதாவது படத்தோட வெளிச்ச அளவு) ரெண்டும் மாறாம லாக் ஆயிடுமாம், இது தெரியாம ஒரு வாரம் லைட்ட திட்டிட்டு இருந்தேன்.

உண்மையான தலைவலி சத்தம்தான். கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி ஒரே எதிரொலி. போன் தள்ளி இருந்தா நம்ம குரலோட சேந்து சுவத்துல பட்டு திரும்பற சத்தமும் நல்லாவே பதிவாகும். அதனால காலர் மைக்க வாயிலேந்து 20 சென்டிமீட்டர் போல கீழ மாட்டுனேன், கேமராவுக்குப் பின்னாடி கொடி கட்டி ரெண்டு கனமான போர்வைய தொங்க விட்டேன், முக்கால்வாசி போயிடுச்சு. மைக் இல்லையா, இன்னொரு போன்ல ஆடியோ மட்டும் ரெக்கார்டு போட்டு ஃபிரேம்ல தெரியாம கிட்ட வைங்க, ஆரம்பத்துல ஒரு தடவ கை தட்டிட்டா எடிட்ல ரெண்டையும் சேக்கறது ஈசி. ஃபேன ஆஃப் பண்ணியே ஆகணும், வேர்க்கும், வேற வழியில்ல.

அடியில புக்கு அடுக்கி போன் கேமராவ கண் உயரத்துக்கு ஏத்தியாச்சு. அப்பவும் பார்வை எங்கயோ போற மாதிரியே இருந்துச்சு, ஸ்க்ரீன்ல என் மூஞ்சியவே பாத்துட்டு பேசிருக்கேன்! இப்பல்லாம் லென்ஸ் பக்கத்துல ஒரு சின்ன பொட்டு ஒட்டிட்டு அதப் பாத்துதான் பேசறேன்.