தக்காளி வாடினால் தண்டை வெட்டிப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் வெண்டி, கத்தரி எல்லாம் செழிக்கும். தக்காளி மட்டும் பூக்கிற நேரம் பார்த்துச் சாயும். இலை பச்சையாகவே தொங்கும். தண்ணீர் ஊற்றினாலும் நிமிராது. அடித்தண்டை வெட்டி, வெட்டுமுகத்தைக் கிளாஸ் தண்ணீரில் பிடித்தேன். சற்று நேரத்தில் பால் நிற இழை இறங்கியது. பக்டீரியா வாடல்! மண்ணில் பல வருடம் கிடக்கும் கிருமி இது, மருந்தடிப்பது வீண்செலவு.

எனக்குக் கைகொடுத்தது ஒட்டுக்கன்று: கத்தரி வேர்த்தண்டின் மேல் தக்காளி நுனியை ஒட்டிய கன்று. தாய்வானிலுள்ள உலக மரக்கறி மையமும் மழைக்காலத் தக்காளிக்கு, நோய் தாங்கும் கத்தரி வேரைத்தான் சிபாரிசு செய்கிறது. கத்தரியை முதலில் விதைத்து, இரண்டு நாற்றும் ஒரே தடிப்பானதும் புதுப் பிளேட்டால் சரிவாக வெட்டி, பிளந்த ஸ்ட்ரோத் துண்டால் இணைத்தேன். ஒரு கிழமை நிழலில், பொலித்தீன் பைக்குள். நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். புதைந்தால் தக்காளியே வேர்விட்டு நோயை வாங்கிக்கொள்ளும். கத்தரித் துளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள்.

பூ உதிர்வது வேறு பிரச்சினை. கொழும்பின் புழுக்கமான இரவுதான் காரணம். மார்கழி, தையில் பூக்கும்படி விதைக்கிறேன். அப்போது ஓரளவு காய் நிற்கிறது.