உங்கள் பெயரைத் தேடினால் என்ன வருகிறது? பழைய பதிவுகளைச் சுத்தம் செய்யும் முறை

நேற்றுப் போட்ட பதிவை யோசித்துத்தான் போட்டிருப்பீர்கள். பெரும்பாலும் பெயரைக் கெடுப்பது பத்து வருடத்துக்கு முன் போட்டதும், அடுத்தவர் உங்களை டேக் செய்ததும்தான். அதனால் வேலையைப் பழையதிலிருந்தே தொடங்குங்கள்.

1. அந்நியர் கண்ணால் பாருங்கள்

பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோவை (எந்தக் கணக்கிலும் லாகின் ஆகாமல் திறக்கும் தனி விண்டோ) திறந்து, உங்கள் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். ஃபேஸ்புக்கில் லாகின் செய்தபடி பார்த்தால் நண்பர்களுக்கு மட்டும் தெரிவதும் சேர்ந்தே தெரியும். ஊருக்கே தெரிவது எது என்று சட்டெனப் பிரிக்க முடியாது.

ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும். எல்லா வடிவத்திலும், தமிழிலும் தேடுங்கள். பழைய யூசர்நேம், போன் நம்பர், படங்கள் பகுதி, இவற்றையும் விடாதீர்கள். சங்கடமானது கண்ணில் பட்டால் லிங்க்கைக் குறித்துவையுங்கள்.

2. அழிக்கும் முன் நகல் எடுங்கள்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டின் செட்டிங்ஸிலும் உங்கள் தகவல்களை டவுன்லோட் செய்யும் வசதி உண்டு. கோபத்தில் போட்ட பதிவுகளோடு சேர்த்துக் குடும்பப் படங்களையும் அழித்துவிட்டுப் பிறகு தேடுவது பெரிய வேதனை.

3. பழைய பதிவுகளை ஒரே தட்டில் ஒடுக்குங்கள்

ஃபேஸ்புக் செட்டிங்ஸில் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்று தேடுங்கள். அதை அழுத்தினால், பப்ளிக்காக இருந்த பழைய பதிவுகள் அத்தனையும் நண்பர்களுக்கு மட்டும் என்றாகிவிடும். யோசித்து அழுத்துங்கள்: ஒரே தட்டில் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

இதற்கும் அடங்காதவை உண்டு. அடுத்தவரின் பப்ளிக் பதிவில் நீங்கள் எழுதிய கமென்ட்டை யார் பார்க்கலாம் என்பதை அந்தப் பதிவின் செட்டிங்தான் முடிவு செய்யும். ஆக்டிவிட்டி லாக்கில் (ஃபேஸ்புக்கில் நீங்கள் செய்தவற்றின் பட்டியல்) கமென்ட்ஸ் பகுதிக்குப் போய், சூடாக வாதாடியவற்றை நீங்களேதான் நீக்க வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் அதிகப் பலன் தரும் வேலை இதுதான்.

4. டேக்குக்குக் கதவு போடுங்கள்

ஃபேஸ்புக்கில், உங்களை டேக் செய்த பதிவுகள் உங்கள் பக்கத்தில் வரும் முன் நீங்கள் பார்த்து அனுமதிக்கும் டைம்லைன் ரிவ்யூவை ஆன் செய்யுங்கள். இன்ஸ்டாகிராமில் டேக்குகளை நீங்களே அனுமதிக்கும்படி மாற்றுங்கள். டேக்கை நீக்கினால் உங்கள் பெயர்தான் போகும், படம் போட்டவர் பக்கத்தில் அப்படியே இருக்கும். படமே போக வேண்டுமென்றால் அவரிடம் தன்மையாக, தனிச் செய்தியில் கேளுங்கள். பொதுவில் கேட்டால் பார்க்காதவர்களும் போய்ப் பார்ப்பார்கள்.

5. கூகுளில் ஒட்டியிருப்பது

பக்கத்தை அழித்த பிறகும் தேடலில் பழைய வரிகள் சில நாள் தெரியலாம். கூகுளின் 'ரிஃப்ரெஷ் அவுட்டேட்டட் கன்டென்ட்' பக்கத்தில் லிங்க்கைக் கொடுங்கள். மூலப்பக்கத்தில் அந்த வரிகள் இன்னும் இருந்தால் இது பலிக்காது.

6. உங்கள் பெயரில் போலிக் கணக்கு இருந்தால்

பதறி உடனே ரிப்போர்ட் அடிக்காதீர்கள். முதலில் புரொஃபைல் லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு மறைந்த பின் சாட்சி கிடைக்காது. போலிக்காரர் பெரும்பாலும் உங்களைத்தான் முதலில் பிளாக் செய்வார். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நண்பரின் போனில் பாருங்கள், ஆள்மாறாட்டம் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து அந்த நண்பரும் போலிக் கணக்கை ரிப்போர்ட் செய்யட்டும்.