கோட்டைக்குள் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? நைட் (கவசக் குதிரை வீரர்) கதை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாக எழுத வந்த நான்கு பேர் தங்கள் கதைகளைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நான்குமே இடைக்கால ஐரோப்பாவில் நடப்பவை. நைட் உண்டு, கோட்டை உண்டு, முற்றுகை உண்டு. இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த தவறும் நான்கிலும் அச்சு மாறாமல் இருந்தது.

12ஆம் நூற்றாண்டு விருந்தில் தக்காளியும் மிளகாயும் பரிமாறுவதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவை அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, முதலில் படிப்பவரே பிடித்துவிடுவார். யார் கண்ணிலும் படாமல் உள்ளே உட்கார்ந்து கதையை அரிக்கிற தவறுகள் சில இருக்கின்றன.

2,000 பேர் காக்கும் கோட்டை

என் முதல் தொடர் ஒரு வார இதழில் வந்தது. 1190களில் வேல்ஸ் எல்லையில் நடக்கும் கதை. கோட்டைக்குள் 2,000 வீரர்கள், வெளியே எதிரி, ஆறு மாத முற்றுகை. கோட்டை என்றதும் நமக்கு வருவது செஞ்சிதானே? மலைக்கு மலை மதில், உள்ளே குளம், களஞ்சியம், கோயில், கல்யாண மகால். அந்தப் படத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வேல்ஸில் இறக்கிவிட்டேன். ஐந்தாம் அத்தியாயம் வந்த வாரம் ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டார். "ஐயா, இத்தனை பேரும் என்ன சாப்பிடுகிறார்கள்?" அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ தானியம் என்றால் 2,000 பேருக்கு 180 நாளைக்கு 3,60,000 கிலோ. பத்து டன் லாரியில் 36 லோடு. குதிரைத் தீனி தனி. நான் வர்ணித்திருந்த கோட்டைக்குள் அத்தனை மூட்டையை அடுக்கினால் ஆள் நிற்க இடமிருக்காது. அச்சாகிவிட்ட அத்தியாயங்களை என்ன செய்வது? ஆறாம் அத்தியாயத்தில் ஒரு கொள்ளை நோயை வரவழைத்து 1,900 பேரைக் கொன்றேன். நாயகனுக்கும் நாயகிக்கும் மட்டும் தொற்றவில்லை. பிற்பாடு புத்தகமாக்க உட்கார்ந்தபோது பாதியைக் கிழித்துப் போட்டேன். ஒரு வருட உழைப்பு. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

அந்தக் காலத்து ஐரோப்பியக் கோட்டை ஒரு பிரபுவின் வீடு. ஊர் பெரும்பாலும் மதிலுக்கு வெளியே இருக்கும். கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டு நிறையப் பேரைத் தடுத்து நிறுத்தத்தான் அத்தனை கல்லும் சுண்ணாம்பும். 1294-95 வேல்ஸ் கிளர்ச்சியில் ஹார்லெக் கோட்டை தாக்குப்பிடித்தது வெறும் 37 பேரால். சாப்பாடு அயர்லாந்திலிருந்து கடல்வழியாக வந்தது. கடலோரம் பார்த்துக் கோட்டை கட்டியதன் பலன் அப்போது தெரிந்தது.

ஆள் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு நார்மண்டியின் ஷாட்டோ கையார் இருக்கிறது. 1203இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் முற்றுகையிட்டபோது, பக்கத்து ஊர் மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கோட்டைக்குள் ஓடி வந்துவிட்டார்கள். கோட்டைத் தலைவர் ரோஜர் டி லேசி தானியத்தைப் பார்த்தார், தலைகளைப் பார்த்தார், அவர்களை வெளியே அனுப்பினார். முதல் இரண்டு கூட்டத்தைப் பிரெஞ்சு வீரர்கள் போகவிட்டார்கள். சேதி தெரிந்ததும் பிலிப் வழியை அடைக்கச் சொன்னார். கடைசியாக வந்தவர்கள் மதிலுக்கும் எதிரி வரிசைக்கும் நடுவே குளிர்காலத்தில் மாட்டிக்கொண்டார்கள், பலர் பட்டினியில் செத்தார்கள். அந்த நான்கு கதைகளிலும் வாள் வீச்சு பக்கம் பக்கமாக இருந்தது. இப்படி ஒரு கதவு திறந்து மூடும் காட்சி ஒன்றுகூட இல்லை.

இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டை முற்றுகையை எழுதுபவர்கள் பன்றிக் கொழுப்பை மறப்பதே இல்லை. 1215இல் இங்கிலாந்து மன்னர் ஜான் கோபுரத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி, சாப்பாட்டுக்கு ஆகாத 40 கொழுத்த பன்றிகளைக் கேட்டு வாங்கி, அந்தக் கொழுப்பால் தாங்குகட்டைகளை எரித்து ஒரு மூலையைச் சரித்தார். சரி, அதற்கு அப்புறம்? கோட்டை அன்று விழவில்லை. உள்ளே இருந்தவர்கள் கோபுரத்தின் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டார்கள். தங்கள் விலையுயர்ந்த போர்க்குதிரைகளைத் தின்றார்கள். ஏழு வார முடிவில் அவர்களைச் சரணடைய வைத்தது பசி.

இன்னொன்று. முற்றுகை பல நேரம் பேரத்தில் முடியும். இன்ன தேதிக்குள் உதவிப் படை வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுகிறோம் என்று ஒப்பந்தம் போடுவார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டைக்கு அப்படிக் குறித்த கெடு 1314ஆம் ஆண்டின் நடுக்கோடை. அந்தக் கெடுவுக்காக இங்கிலாந்துப் படை கிளம்பி வந்ததால்தான் பானக்பர்ன் போர் நடந்தது. தேதி குறித்த கெடு ஒன்று கையில் இருக்கும்போது கதாசிரியருக்கு வேறு என்ன வேண்டும்?

ஜன்னலோரச் சீமாட்டி

கைக்குட்டையோடு ஜன்னலில் நின்று அழும் பெண்ணை இரண்டு கதைகளில் பார்த்தேன். மூன்றாவதில் அவள் ஆண் வேடத்தில் வாளோடு குதிரை ஏறிவிட்டாள். இரண்டும் எழுதச் சுலபம்.

நிக்கோலா டி லா ஹேயைப் பாருங்கள். இங்கிலாந்தின் லிங்கன் கோட்டையின் காவல் அவருக்குத் தந்தை வழி வந்தது. 1191இல் கணவர் ஊரில் இல்லாதபோது முற்றுகையைச் சமாளித்தார். 1216இல் ஜான் அவரை அந்த மாவட்டத்தின் ஷெரீஃபாகவே (அரசரின் நிர்வாகி) நியமித்தார். மறு வருடம் பிரெஞ்சுப் படை வந்து நின்றபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மே 20ஆம் தேதி உதவிப் படை வரும்வரை கோட்டையை விடவில்லை. ஸ்காட்லாந்தின் டன்பார் கோட்டையை 1338இல் ஐந்து மாதம் காத்த ஆக்னஸ், எதிரி எறிந்த கல் பட்ட இடத்தைப் பணிப்பெண்களை விட்டுத் துணியால் துடைக்கச் சொன்னாராம்.

எனக்குப் பிடித்தது எலினார் டி மோன்ஃபோர்ட் என்ற இங்கிலாந்துச் சீமாட்டியின் வீட்டுக் கணக்கு. 1265இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த மாதங்களில் அன்றாடம் எவ்வளவு ரொட்டி, மீன், மது, குதிரைத் தீனி செலவானது என்று அதில் பதிந்திருக்கிறது. கணவர் போர்க்களத்தில் செத்த பிறகும் டோவர் கோட்டை கொஞ்ச காலம் அவர் கையில்தான் இருந்தது. வாளைக் கொடுக்காமல் சாவிக்கொத்தையும் கணக்கேட்டையும் கொடுத்துப் பாருங்கள், உங்கள் சீமாட்டி தானே எழுந்து நடப்பாள்.

கல்யாணத்தையும் கவனியுங்கள். பணக்கார விதவையின் மறுமணம் அரசனுக்கு வருமானம். 1214இல் ஜான் தன் முன்னாள் மனைவி இசபெல்லாவையே 20,000 மார்க்குக்கு (அந்தக் காலப் பணக்கணக்கு) ஜெஃப்ரி டி மாண்டவில்லுக்குக் கட்டி வைத்தார். விதவையைக் கட்டாயப்படுத்தி மணம் செய்விக்கக் கூடாது என்று மறு வருடமே மாக்னா கார்ட்டா என்ற உரிமைப் பட்டயத்தில் எழுத வேண்டி வந்தது.

ஷிவல்ரி என்றால் தர்மம்

ஷிவல்ரி என்பது நைட்டுகளின் வீர நெறி. அதில் துட்டும் உண்டு. தோற்ற நைட்டைக் கொல்லாமல் விடுவதில் பெருந்தன்மை கொஞ்சம், பிணைத்தொகை நிறைய. வில்லியம் மார்ஷல் என்ற இங்கிலாந்து நைட்டும் அவருடைய கூட்டாளியும் பத்து மாதப் பந்தயப் போர்களில் (நைட்டுகள் போட்டிக்காக மோதுவது) 103 நைட்டுகளைப் பிடித்தார்கள். கணக்கு வைத்தது அரண்மனைச் சமையற்கட்டின் எழுத்தர். பிணை கொடுக்க முடியாத காலாள் வீரனுக்கும் வயல் எரிந்த விவசாயிக்கும் இந்த மரியாதை எட்டவில்லை.

கொதிக்கும் எண்ணெய்

மதில் ஏறுபவன் தலையில் ஊற்ற எண்ணெயா? விலை அதிகம். கல்லும் வெந்நீரும் சூடான மணலும் போதும்.

கற்புப் பூட்டு

போருக்குப் போகும் கணவன் மனைவியின் இடுப்பில் பூட்டிய இரும்புப் பட்டை என்பது பிற்காலக் கட்டுக்கதை. தொடாதீர்கள்.

கவசம்

முழுத் தகட்டுக் கவசம் 20, 25 கிலோ. போட்டுக்கொண்டு ஓடலாம், குதிரை ஏறலாம், தூக்கி ஏற்றிவிடக் கிரேன் வேண்டாம். 1190இல் அதுவும் கிடையாது, இரும்பு வளையச் சட்டைதான். தொல்லை வேண்டுமானால் தலைக்கவசத்தில் தேடுங்கள். பிளர் என்ற ஊர்ப் பந்தயத்தில் மார்ஷலுக்குப் பரிசாகப் பெரிய மீன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆட்கள் தேடியபோது, அவர் கொல்லன் பட்டறையில் அடைகல்மேல் தலையை வைத்துக் குனிந்திருந்தார். அடிவாங்கி நசுங்கிய தலைக்கவசம் கழலாமல், கொல்லன் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான்.