வெறும் வைக்கோலைச் சத்தான தீவனமாக்குவது எப்படி?

சித்திரை வெயிலில் வரப்புப் புல்லும் கருகிவிட்டால் மாட்டுக்கு மிஞ்சுவது வைக்கோல்தான். வயிறு நிறையத் தின்றும் விலா எலும்பு தெரியும். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3, 4 பங்குதான். நாரைச் செரிக்க வைப்பவை மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள். அவை பெருகத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வேண்டும். அதை யூரியா கொண்டு கொடுக்கலாம்.

100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். தராசில் நிறுத்துப் போடுங்கள், கைக்கணக்கு வேண்டவே வேண்டாம்.

முதலில், ஒரு குருணையும் மிஞ்சாமல் யூரியாவைக் கரையுங்கள். இந்த வாளி மாட்டுக்கு எட்டவே கூடாது. தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டால் வயிறு உப்பி, நடுங்கி விழுந்துவிடும், உயிரே போகலாம். கரைசல் முழுவதையும் அன்றே தெளித்துத் தீர்த்துவிடுங்கள்.

அடுத்து, தார்ப்பாய் விரித்து வைக்கோலை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பிப் பூவாளியால் சீராகத் தெளியுங்கள். நன்றாக மிதித்த பிறகே அடுத்த அடுக்கு. காற்று தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். நான் போட்ட முதல் போரில் ஒரு மூலையில் மண் சரியாக அணையவில்லை. அந்தப் பக்கம் கருத்துப்போய் ஒரு கூடை வைக்கோலை எருக்குழியில் கொட்டினேன். ஆகவே மேலே இன்னொரு தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரம் முழுக்க மண் அணையுங்கள்.

21 நாள் பிரிக்காதீர்கள். உள்ளே யூரியா அம்மோனியாவாக மாறி நாரை இளக்கிக்கொண்டிருக்கும்.

பிரிக்கும்போது நெடி கண்ணைக் கரிக்கும். வெளிர்மஞ்சள் வைக்கோல் பழுப்பேறி, கையில் பிடித்தால் மெத்தென்று இருக்கும். புரதம் ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் உருவி, ஒரு மணி நேரம் காற்றாட உலர்த்துங்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. பெரிய மாட்டுக்கும் முதலில் கால் பங்கு கலந்து, பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். கறவை மாட்டுக்குத் தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவையும், கிடைத்தால் ஒரு பிடி அகத்திக்கீரையும் கொடுங்கள். உயிர்ச்சத்து ஏ வைக்கோலில் இல்லை.

முதல் நாள் முகர்ந்துவிட்டு மாடு தலையைத் திருப்பிக்கொள்ளும். மேலே கொஞ்சம் தவிடு தூவி வையுங்கள்.